ஸ்டால்மன், டோர்வால்ட்ஸ் தவிர வேறு யார்?

கல்லூரிக் கருத்தரங்குக்காக ஒருவர் கேட்டிருக்கிறார்: “கட்டற்ற மென்பொருள் உலகில் அதிகம் செல்வாக்குச் செலுத்திய நிரலாளர்கள் யார்? எனக்கு ரிச்சர்ட் ஸ்டால்மன், லினஸ் டோர்வால்ட்ஸ் இருவரைத்தான் தெரியும். முதலிடம் யார், இரண்டாமிடம் யார் என்று வரிசைப்படுத்திப் பத்துப் பேரைச் சொல்ல முடியுமா? இதையெல்லாம் எங்கே போய்ப் படிப்பது?”

பெயர்களைச் சொல்கிறேன். இடம் போட மாட்டேன். அப்படி இடம் போட்ட பட்டியல்கள் எல்லாமே பார்த்தவரை அமெரிக்கப் பத்திரிகைகளில் யார் படம் அதிகம் வந்தது என்ற பட்டியல்களாகத்தான் முடிகின்றன. நான் பார்க்கும் கணக்கு வேறு. ஒருவர் செய்துவைத்த காரியத்தால், அவருக்கு முன்பின் தெரியாத ஆட்களுக்கு என்ன செய்ய முடிந்தது? பெரிய நிறுவனங்களுக்குள் அசாத்தியமான நிரல் எழுதிவிட்டு ஓய்வு பெற்றவர்கள் ஏராளம். அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. இங்கே பெயர் நிற்பது ஓர் உரிமத்தால், ஒரு கருவியால், பிறர் அனுப்பும் பேட்சைப் (நிரலுக்கான சிறு திருத்தத்தை) பொறுமையாகப் படிக்கும் பழக்கத்தால். சில பேருக்கு, பொறுப்பை விட்டு இறங்கிய விதத்தால்.

ஸ்டால்மனிடமிருந்தே தொடங்குவோம், ஏனென்றால் அவரைப் பற்றி எல்லோரும் சொல்லும் கதை பாதிக் கதைதான். எம்.ஐ.டி. ஆய்வகத்தில் ஜெராக்ஸ் பிரிண்டரின் மூலநிரல் (மனிதர் படித்துத் திருத்தக்கூடிய நிரல் வடிவம்) கேட்டுக் கிடைக்காமல் கோபப்பட்டார், 1983 செப்டம்பரில் யூனிக்ஸ் போன்ற கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனு திட்டத்தை அறிவித்தார், 1984 ஜனவரியில் வேலையை விட்டார். இது எல்லா இடத்திலும் இருக்கிறது. இதைவிட முக்கியமானது அடுத்து நடந்தது. அவர் எழுதிய குனு ஈமேக்ஸ் எடிட்டரில், திரையில் எழுத்தைக் காட்டும் பகுதிக்கு ஜேம்ஸ் காஸ்லிங் எழுதிய இன்னொரு ஈமேக்ஸின் நிரலைக் கொஞ்சம் எடுத்துப் பயன்படுத்தியிருந்தார். பின்னாளில் ஜாவா மொழியை உருவாக்கிய அதே காஸ்லிங்தான். அவர் அந்த நிரலை யூனிபிரஸ் என்ற நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். நிறுவனம் “எங்கள் நிரலை விநியோகிக்காதே” என்றது. ஸ்டால்மன் அந்தப் பகுதி முழுவதையும் தானே திரும்ப எழுதினார்.

அதிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட முடிவுதான் ஜிபிஎல் உரிமத்தின் வேர். நல்லெண்ணத்தை நம்பிப் பகிர்ந்துகொண்டால் நாளைக்கு யாராவது வாங்கிப் பூட்டிவிடலாம். ஆகவே பகிர்வதையே சட்டப்படி கட்டாயமாக்க வேண்டும். முதலில் ஈமேக்ஸுக்கு மட்டும் ஓர் உரிமம் எழுதினார். 1989ல் அது எல்லா மென்பொருளுக்கும் பொதுவான ஜிபிஎல் ஆனது. பதிப்புரிமைச் சட்டத்தையே எடுத்து, “இதை யாரும் மாற்றலாம், விற்கலாம்; ஆனால் உனக்குக் கிடைத்த அதே சுதந்திரத்தை அடுத்தவனுக்கும் மூலநிரலோடு கொடுத்தாக வேண்டும்” என்று திருப்பிப்போட்டார். நிரலாளராக அவர் எழுதிய, நிரலைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றும் ஜிசிசி கம்பைலர் பெரிய சாதனைதான். ஆனாலும் அவருடைய மிகச் சிறந்த நிரல் இந்த உரிமம் என்பேன்.

அது வேலை செய்ததா? செய்தது. ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் நிறுவனம் ஜிசிசியை எடுத்து, ஆப்ஜெக்டிவ்-சி மொழிக்கான பகுதியைத் தானாக எழுதிச் சேர்த்தது. அந்தப் பகுதியை மட்டும் மூலநிரல் இல்லாமல் தனியாகக் கொடுத்து, பயனரே இணைத்துக்கொள்ளட்டும் என்று ஒரு வழி பார்த்தார்கள். ஸ்டால்மன் தரப்பு ஒப்புக்கொள்ளவில்லை. நெக்ஸ்ட் அதையும் ஜிபிஎல்லில் வெளியிட்டது. 2003ல் லின்க்சிஸ் நிறுவனத்தின் நீல நிற வைஃபை ரவுட்டர் ஒன்றுக்குள், டோர்வால்ட்ஸ் தொடங்கிய, ஜிபிஎல் உரிமத்தில் உள்ள லினக்ஸ் ஓடுவதைச் சிலர் கண்டுபிடித்தார்கள். உரிமத்தைக் காட்டிக் கேட்டதும் மூலநிரல் வெளியே வந்தது. அதை அடிப்படையாக வைத்துத்தான், ரவுட்டர்களுக்கான கட்டற்ற மென்பொருளான ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டம் 2004ல் தொடங்கியது. ஒரு ரூபாய் கொடுக்காமல், எந்தத் தனியொப்பந்தமும் போடாமல், முகம் தெரியாத சிலர் ஒரு பெரிய நிறுவனத்திடம் கேட்டு வாங்கினார்கள். அதற்குக் காரணம் பல வருடங்களுக்கு முன் ஒரு பிடிவாதக்காரர் எழுதிவைத்த சில பக்கங்கள்.

கருத்தரங்கில் அவரை மகானாக்கிவிடாதீர்கள். 2019ல் பாலியல் குற்றவாளி ஜெஃப்ரி எப்ஸ்டீன் விவகாரத்தையொட்டி அவர் எழுதியவற்றால் எம்.ஐ.டி.யிலிருந்தும் தான் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் தலைமையிலிருந்தும் விலக நேர்ந்தது. 2021ல் அறக்கட்டளையின் நிர்வாகக் குழுவுக்குத் திரும்பியபோது பெரிய எதிர்ப்பு எழுந்தது. டோர்வால்ட்ஸும் கடுமையான வசவுகளுக்குப் பெயர் போனவர். 2018 செப்டம்பரில் பொதுவில் மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சில வாரம் ஒதுங்கியிருந்தார். இரண்டையும் மறைக்காமல் சொன்னால்தான் மற்றவற்றை நம்புவார்கள்.

அடுத்த பெயர் நீங்கள் எதிர்பார்க்காதது: லாரி வால். பெர்ல் மொழியை 1987ல் வெளியிட்டவர் என்று தெரிந்திருக்கலாம். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1985ல், ‘பேட்ச்’ என்ற சின்னக் கருவி ஒன்றை எழுதினார். இன்றைக்கும் “ஒரு பேட்ச் அனுப்புங்கள்” என்கிறோமே, அது அந்தக் கருவிதான். யூனிக்ஸில் இரண்டு கோப்புகளுக்கு இடையே என்ன மாறியிருக்கிறது என்று காட்ட ‘டிஃப்’ ஏற்கெனவே இருந்தது. அந்த வித்தியாசத்தை வாங்கி, இன்னொருவர் கணினியில் உள்ள கோப்பில் தானாகப் பொருத்துவதுதான் பேட்சின் வேலை. நுட்பம் எங்கே இருக்கிறதென்றால், மாற்ற வேண்டிய வரிக்கு மேலும் கீழும் உள்ள சில வரிகளையும் சேர்த்துப் பார்க்கும். இதற்கிடையில் நீங்கள் கோப்பின் தலையில் இருபது வரி சேர்த்திருந்தாலும், வரி எண் தப்பிப் போனாலும், சுற்றியிருக்கும் வரிகளை வைத்துச் சரியான இடத்தைத் தேடிப் பிடிக்கும். அதற்கு முன்பெல்லாம் ஒரு திருத்தத்துக்கு முழுக் கோப்பையும் அனுப்ப வேண்டும், வாங்குபவர் தன் மாற்றங்களோடு கையால் கலக்க வேண்டும். இப்போது ஐந்து வரித் திருத்தத்தை மின்னஞ்சலில் போட்டுவிடலாம். வாங்குபவர் அதைக் கண்ணால் படித்துவிட்டு ஏற்கலாம், தூக்கியும் போடலாம். முன்பின் தெரியாத இருவர் ஒருவரையொருவர் நம்பாமலேயே சேர்ந்து வேலை பார்க்க வழி பிறந்தது.

இந்த வழி இருந்ததால்தான் 1991ல் ஹெல்சிங்கியில் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தன் கெர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதியை) இணையத்தில் போட்டதும் உலகம் முழுவதிலிருந்தும் திருத்தங்கள் வர முடிந்தது. லினக்ஸின் முதல் பதிப்பு சுமார் 10,000 வரிகள். முதலில் அதன் உரிமம் ஜிபிஎல் கூட இல்லை. காசுக்கு விநியோகிக்கக் கூடாது என்று டோர்வால்ட்ஸ் தானே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். 1992ல் ஜிபிஎல்லுக்கு மாறினார். தான் எடுத்த மிக நல்ல முடிவு அது என்று அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். ஸ்டால்மன் பக்கம் கம்பைலர், எடிட்டர், கட்டளைக் கருவிகள் எல்லாம் தயார், கெர்னல் மட்டும் இல்லை. டோர்வால்ட்ஸிடம் கெர்னல் மட்டும் இருந்தது. மீதியை நீங்கள் அறிவீர்கள்.

ஆனால் மின்னஞ்சலில் பேட்ச் வாங்கி ஒரே ஆள் படித்துச் சேர்ப்பது எத்தனை நாள் தாங்கும்? 1998லேயே தாங்கவில்லை. அனுப்பிய பேட்ச் காணாமல் போகிறது, திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டியிருக்கிறது என்று ஆட்கள் கத்தினார்கள்; டோர்வால்ட்ஸ் வெறுத்துப்போய் விடுப்பில் போனார். லாரி மெக்வாய் என்பவர் இதற்குத் தீர்வாக பிட்கீப்பர் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளை (யார் எதை எப்போது மாற்றினார் என்று பதிந்துவைப்பது) கொண்டுவந்தார். அது கட்டற்ற மென்பொருள் அல்ல. கட்டற்ற திட்டங்கள் இலவசமாகப் பயன்படுத்தலாம். ஆனால் பயன்படுத்துபவர் அதற்குப் போட்டியான கருவியில் வேலை செய்யக் கூடாது என்பது நிபந்தனை. 2002ல் டோர்வால்ட்ஸ் அதற்கு மாறினார். ஸ்டால்மன் கண்டித்தார். யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் வேலை வேகமாக நடந்தது.

இங்கேதான் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் வருகிறார். ஆஸ்திரேலியர். என் பார்வையில் இந்தத் துறையில் புகழ் மிகக் குறைவாகவும் வேலை மிக அதிகமாகவும் உள்ளவர். சாம்பா, ஆர்சிங்க் இரண்டும் அவர் பெயரோடு வருபவை. பெரிய கோப்பில் மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் ஆர்சிங்கை 1996ல் பால் மக்கெராஸோடு சேர்ந்து வெளியிட்டார். விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிரும் நெறிமுறையை லினக்ஸுக்கும் யூனிக்ஸுக்கும் கொண்டுவந்தது சாம்பா. மைக்ரோசாஃப்ட் அதன் விவரங்களை முழுமையாக வெளியிடவில்லை. பிறகு எப்படி எழுதினீர்கள் என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன விளக்கம் பிரமாதம்: பிரெஞ்சு மொழி கற்க வேண்டும், புத்தகமும் இல்லை ஆசிரியரும் இல்லை என்று வையுங்கள், ஒரு பிரெஞ்சு காஃபிக் கடையில் போய் உட்காருங்கள், வாடிக்கையாளர் என்ன சொன்னால் சர்வர் என்ன கொண்டுவருகிறார் என்று பார்த்துக்கொண்டே இருங்கள். நெட்வொர்க்கில் போகும் பொட்டலங்களை அப்படித்தான் வருடக்கணக்கில் பார்த்தார்கள். அந்த நெறிமுறையின் பெயர் எஸ்எம்பி; சாம்பா என்ற பெயரே, எஸ், எம், பி மூன்று எழுத்தும் அந்த வரிசையில் வரும் சொற்களை அகராதிக் கோப்பில் தேடச் சொல்லி எடுத்ததுதான். கடைசியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் போட்டிச் சட்ட வழக்கில் மைக்ரோசாஃப்ட் தோற்று, 2007 டிசம்பரில் 10,000 யூரோ கட்டணத்துக்கு நெறிமுறை ஆவணங்களை சாம்பா தரப்புக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று.

அந்த டிரிட்ஜெல் 2005ல் பிட்கீப்பரைத் தொட்டார். லினக்ஸின் வரலாற்றுத் தரவு முழுவதும் பிட்கீப்பர் சர்வரில் இருக்கிறது, அதன் மென்பொருள் இல்லாமல் எடுக்க முடியவில்லை. ஆகவே தரவை வெளியே எடுக்க ஒரு சிறிய நிரல் எழுதத் தொடங்கினார். மெக்வாய் இதை உரிம மீறலாகப் பார்த்தார்; இலவச அனுமதியை ரத்து செய்தார். லினக்ஸ் கெர்னல் ஒரே நாளில் நடுத்தெருவில் நின்றது. டோர்வால்ட்ஸே டிரிட்ஜெலைப் பொதுவில் திட்டினார். அந்த ஏப்ரலில் கான்பெராவில் நடந்த லினக்ஸ் மாநாட்டு மேடையில் டிரிட்ஜெல் பதில் சொன்னார். பேச்சாகச் சொல்லவில்லை, செய்து காட்டினார். பிட்கீப்பர் சர்வரின் போர்ட்டுக்கு டெல்நெட் என்ற எளிய இணைப்புக் கருவியில் இணைந்தார். இப்போது என்ன தட்டுவது என்று கூட்டத்தைக் கேட்டார். ‘ஹெல்ப்’ என்றார்கள். தட்டினார். சர்வர் தன் கட்டளைகளை எல்லாம் வரிசையாகச் சொல்லியது, அதில் ‘குளோன்’ (முழுப் பிரதி எடு) என்பதும் இருந்தது. அவர் செய்த பெரிய ‘திருட்டு’ அவ்வளவுதான்.

சரி, கெர்னலுக்கு என்ன வழி? டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரல் தொடக்கத்தில் உட்கார்ந்து, பிட்கீப்பருக்கு மாற்றாக கிட் எழுத ஆரம்பித்தார். ஏப்ரல் 7ல் கிட் தன் மூலநிரலைத் தானே சேமிக்கும் நிலைக்கு வந்துவிட்டது. முதல் கமிட்டில் (சேமித்த மாற்றப் பதிவில்) அவர் எழுதிய குறிப்பு, ‘நரகத்திலிருந்து வந்த தகவல் மேலாளர்’ என்ற பொருளில் இருக்கும். அன்றைய மனநிலை அப்படி. ஜூனில் வந்த கெர்னல் 2.6.12 கிட்டை வைத்தே வெளியானது.

இதில் நான் கைதட்டுவது அடுத்த காட்சிக்கு. ஜூலையில், தொடங்கி நான்கு மாதம்கூட ஆகவில்லை, டோர்வால்ட்ஸ் கிட்டின் பொறுப்பை ஜூனியோ ஹமானோ என்பவரிடம் கொடுத்துவிட்டார். ஹமானோ அதற்குள் நல்ல பேட்சுகளாக அனுப்பி வந்தவர், அவ்வளவுதான். அவர்தான் இருபது வருடங்களுக்கு மேலாக கிட்டைப் பராமரிக்கிறார். இன்றைக்குத் தொடக்க நிலை மாணவர் முதல் பெரிய நிறுவனம் வரை பயன்படுத்தும் கிட்டில், மனிதர் பயன்படுத்தக் கூடிய அளவுக்கு ஆக்கிய உழைப்பில் பெரும்பங்கு அவருடையது. உங்கள் வகுப்பில் எல்லோரும் தினமும் கிட் பயன்படுத்துவார்கள். அவர் பெயரைக் கேட்டுப் பாருங்கள், எத்தனை பேருக்குத் தெரிகிறது என்று.

இப்போது ஒற்றை ஆள் தாங்கும் தூண்கள். இந்த வகையில் யாரைச் சொல்வது, யாரை விடுவது என்றுதான் சிரமம்.

டேனியல் ஸ்டென்பெர்க், ஸ்வீடன்காரர். 1996ல் அரட்டை அறையில் இயங்கும் பாட் ஒன்றுக்கு அந்நியச் செலாவணி விகிதத்தை இணையத்திலிருந்து எடுத்துத் தர ஒரு கருவி தேடினார். பிரேசில்காரர் ஒருவர் எழுதியிருந்த சில நூறு வரி நிரல் கிடைத்தது. அதைத் திருத்தத் தொடங்கினார், இன்னும் முடிக்கவில்லை. 1998ல் அதற்கு கர்ல் என்று பெயர் மாறியது. இன்று உங்கள் கைபேசி, டிவி, கார், விளையாட்டுக் கருவி எல்லாவற்றிலும் அது இருக்கிறது; சுமார் 2,000 கோடி நிறுவல்கள் இருக்கும் என்பது அவருடைய கணிப்பு. கர்ல் உரிமத்தின்படி அதன் பதிப்புரிமை வரியைப் பொருளோடு சேர்த்துக் காட்ட வேண்டும். அந்த வரியில் அவர் மின்னஞ்சல் முகவரியும் இருக்கிறது. விளைவு? கார் திரையில் வழிகாட்டி வேலை செய்யவில்லை என்று அதன் அமைப்புகளைத் துருவிப் பார்க்கும் ஆட்கள், உரிமப் பக்கத்தில் ஒரே ஒரு மனிதரின் முகவரியைப் பார்த்து, “என் கொரோலா காரை எப்படிச் சரிசெய்வது” என்று அவருக்கு எழுதுகிறார்கள். தன் இன்ஸ்டாகிராம் கணக்கை ஹேக் செய்தது நீதான் என்று குற்றம் சாட்டியும் கடிதம் வந்திருக்கிறது. பொறுமையாக எடுத்துப் பொதுவில் போட்டு வைக்கிறார். படித்தால் சிரிப்பு வரும், கொஞ்ச நேரம் கழித்து வேறு மாதிரி இருக்கும்.

ரிச்சர்ட் ஹிப், எஸ்க்யூலைட். என் அளவுகோலுக்கே சவால் விடும் ஆள் இவர். 2000ல் அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்றுக்கான மென்பொருள் வேலையில், டேட்டாபேஸ் சர்வர் விழுந்தால் எல்லாமே விழுகிறதே என்ற எரிச்சலில், சர்வரே தேவைப்படாத டேட்டாபேஸ் ஒன்றை எழுதினார். எல்லா ஆண்ட்ராய்டு போனிலும் ஐபோனிலும் அது இருக்கிறது. உரிமமே கிடையாது, பொதுச் சொத்து என்று அறிவித்துவிட்டார். ஆனால் வெளியாட்களின் பேட்சை அவர்கள் பொதுவாக வாங்குவதில்லை. மூன்று பேர் கொண்ட சிறிய குழு, அவ்வளவுதான். மூலநிரலைவிடச் சோதனை நிரல் 500 மடங்குக்கும் அதிகம். 2050 வரை ஆதரவு தருவதாகச் சொல்லி, அதற்கேற்ப வேலை செய்கிறார்கள். எல்லோரும் சேர்ந்து எழுதுவதுதான் இந்தக் கலாசாரம் என்று யாராவது அடித்துச் சொன்னால் எஸ்க்யூலைட்டைக் காட்டுங்கள். கதவு சாத்தியிருந்தும், உள்ளே செய்த வேலையை எல்லோருக்கும் கொடுத்துவிட்டார்கள்.

ஃபேப்ரிஸ் பெல்லார்ட் என்ற பிரெஞ்சுக்காரர் பற்றி ஒரு பத்தி எழுதினால் தனிக் கட்டுரையாகிவிடும். எஃப்எஃப்எம்பெக், கியூஇஎம்யு இரண்டையும் தொடங்கியவர் ஒரே ஆள் என்பதே போதும். முதலாவது இல்லாமல் இணையத்தில் வீடியோ இல்லை. இரண்டாவது மெய்நிகர் கணினிகளின் அடித்தளங்களில் ஒன்று. இரண்டையும் வேறு ஆட்களிடம் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார். பேட்டி, மேடை எதிலும் அதிகம் பார்க்க முடியாது.

ஜெர்மனியின் வெர்னர் காக் 1997ல் ஸ்டால்மன் பேச்சு ஒன்றைக் கேட்டார். குறியாக்க மென்பொருளை அமெரிக்காவிலிருந்து ஏற்றுமதி செய்யச் சட்டம் தடுக்கிறது, ஐரோப்பாவில் நீங்கள் எழுதினால் நாங்கள் எடுத்துக்கொள்ள முடியும் என்றார் ஸ்டால்மன். காக் போய் குனுபிஜி எழுதினார். லினக்ஸ் விநியோகங்கள் (கெர்னலோடு மற்ற மென்பொருள்களையும் சேர்த்துக் கொடுக்கும், டெபியன் போன்ற தொகுப்புகள்) தங்கள் மென்பொருள் பொதிகளில் போடும் கையெழுத்தைச் சரிபார்ப்பது முதல், அமெரிக்க உளவு ரகசியங்களை வெளியிட்ட எட்வர்ட் ஸ்னோடன் பத்திரிகையாளர்களோடு பேசியது வரை அதை நம்பித்தான் நடந்தது. ஆனால் மனிதருக்கு வருமானம் இல்லை. 2013 வாக்கில் விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகலாமா என்று யோசித்த நேரத்தில் ஸ்னோடன் விவகாரம் வெடித்தது, இது நிற்கக் கூடாது என்று தொடர்ந்தார். 2015 பிப்ரவரியில் ஒரு பத்திரிகை அவர் நிலையை எழுதிய பிறகுதான் பணம் வந்தது. ஃபேஸ்புக்கும் ஸ்ட்ரைப்பும் ஆண்டுக்குத் தலா 50,000 டாலர் தருவதாக அறிவித்தன. உலகமே ஒருவரை நம்பியிருக்கிறது என்பது அந்த ஒருவர் திவாலாகப் போகும்போதுதான் தெரிகிறது. இதைப் பெருமையாகச் சொல்கிறார்கள் சிலர். எனக்கு அதில் பெருமை தெரியவில்லை.

ஏன் என்பதற்கு 2024 மார்ச் மாதம் நடந்ததைச் சொல்ல வேண்டும். கருத்தரங்கில் நேரம் குறைவாக இருந்தால் மற்றதை வெட்டுங்கள், இதை வெட்டாதீர்கள்.

எக்ஸ்ஸெட் என்பது கோப்பைச் சுருக்கும் ஒரு நிரல். லாஸ்ஸே காலின் என்ற ஃபின்லாந்துக்காரர் தனியாகப் பராமரித்து வந்தார், சம்பளம் கிடையாது. 2021லிருந்து ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் நல்ல பேட்சுகள் அனுப்பத் தொடங்கினார். அதே சமயத்தில் வேறு சில பெயர்களிலிருந்து, வேலை மெதுவாக நடக்கிறது, இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று காலினுக்கு நெருக்கடி வந்தது. இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்று அவர் பதில் எழுதியும் விடவில்லை. கடைசியில் ஜியா டான் துணைப் பராமரிப்பாளர் ஆனார். 2024 தொடக்கத்தில் வெளியான 5.6.0, 5.6.1 பதிப்புகளில், ரகசியமாக நுழைய வழி தரும் பின்கதவு ஒன்று உள்ளே போனது. தந்திரம் எப்படி என்றால், எல்லோரும் பார்க்கும் கிட் களஞ்சியத்தில் அதைத் தொடங்கிவைக்கும் வரி இல்லை. வெளியீட்டுப் பொதியில் மட்டும் இருந்தது. தீய நிரல், சோதனைக்கான பழுதான கோப்பு என்று சொல்லி வைத்த பைனரிக்குள் ஒளிந்திருந்தது. குறி, சர்வர்களுக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச். எஸ்எஸ்ஹெச்சுக்கு எக்ஸ்ஸெட் தேவையே இல்லை. சில விநியோகங்கள், கணினியின் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியோடு இணைக்கப் போட்ட ஒட்டு வழியாக அது உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது.

ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் பாதுகாப்பு நிபுணர் அல்ல. போஸ்ட்கிரெஸ்க்யூஎல் டேட்டாபேஸின் நிரலாளர், மைக்ரோசாஃப்டில் வேலை. டேட்டாபேஸின் வேகத்தை அளக்கக் கணினியைச் சலனமில்லாமல் வைக்கப் பார்த்தார். எஸ்எஸ்ஹெச் செயல்கள் காரணமில்லாமல் சிபியுவைத் தின்றன. யாரோ தவறான பெயரில் நுழையப் பார்த்து உடனே தோற்கும் முயற்சிகள்தான், அவற்றுக்கு எதற்கு இவ்வளவு வேலை? அளந்தார். முன்பு 0.299 நொடியில் முடிந்தது இப்போது 0.807 நொடி எடுத்தது. சில வாரம் முன்பு, பொதிகளைப் புதுப்பித்த பிறகு, தானியங்கிச் சோதனை ஒன்றில், நினைவகப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் வால்கிரைண்ட் கருவி விநோதமாக ஒரு புகார் காட்டியது நினைவுக்கு வந்தது. இரண்டையும் சேர்த்துத் தோண்டினார். மார்ச் 29ல் உலகத்துக்கு அறிவித்தார். பெரும்பாலான நிலையான விநியோகங்களுக்குள் அது போகுமுன் நிறுத்த முடிந்தது.

அரை நொடி. அதற்கு எத்தனை பேர் எழுந்து பார்ப்பார்கள்? ஆனால் அவரால் பார்க்க முடிந்ததற்குக் காரணம், கீழே வரை மூலநிரல் திறந்திருந்தது. ஜியா டான் உள்ளே வந்ததும் லாரி வால் திறந்துவிட்ட அதே வழியில்தான். ஃப்ராய்ண்ட் அவரைப் பிடித்ததும் அதே வழியில். கட்டற்ற மென்பொருள் பாதுகாப்பானது என்று ஒரு தரப்பும், பாதுகாப்பற்றது என்று மறு தரப்பும் இந்த ஒரே நிகழ்வைக் காட்டுகின்றன. களைத்த ஒருவரைத் தனியாக விட்டதுதான் உண்மையான ஓட்டை என்று நினைக்கிறேன்.

இனி, இறங்கிப் போனவர்கள். இயான் மர்டாக் 1993 ஆகஸ்டில் பர்டூ பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது டெபியனை அறிவித்தார். காதலி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து வைத்தது. 1996லேயே பொறுப்பை விட்டார். பிறகு வந்தவர்கள் சமூக ஒப்பந்தம் எழுதினார்கள், அரசியல் சாசனம் எழுதினார்கள், இன்றுவரை ஆண்டுதோறும் தலைவரை வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1997ல் எழுதிய டெபியன் வழிகாட்டுதல்களைத்தான் அடுத்த ஆண்டு கொஞ்சம் மாற்றித் திறமூலத்துக்கான (ஓப்பன் சோர்ஸ்) வரையறையாக வைத்தார்கள். மர்டாக் 2015 டிசம்பரில் 42 வயதில் இறந்தார். டெபியன் பதிப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன.

பைத்தானை 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய கீடோ வான் ராசம், ‘கருணையுள்ள ஆயுட்கால சர்வாதிகாரி’ என்று வேடிக்கையாக அழைக்கப்பட்டவர். 2018 ஜூலையில், ஒரு வெளிப்பாட்டுக்குள்ளேயே மாறிக்கு மதிப்புக் கொடுக்கும் புதிய குறியீட்டை ஏற்றுக்கொண்டார். அந்த ஒரு குறியீட்டுக்காக அவ்வளவு சண்டை. ஏற்ற கையோடு பதவி விலகினார். அடுத்து யார் என்று கை காட்டவில்லை. நீங்களே ஒரு முறை கண்டுபிடியுங்கள் என்று விட்டுவிட்டார். ஐந்து பேர் கொண்ட வழிகாட்டுக் குழுவைத் தேர்தலில் அமைத்தார்கள். இறங்காதவரும் உண்டு: விம் எடிட்டரின் பிராம் மூலனார் 2023 ஆகஸ்டில் இறக்கும்வரை அதைத் தானே பார்த்துக்கொண்டார். விம்மை வெறுமனே திறந்தால் உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று ஒரு வரி தெரியும். 1994ல் அங்கே கிபாலே என்ற ஊரில் குடிநீர், சுகாதாரப் பணியில் தன்னார்வலராக இருந்துவிட்டு வந்தவர். விம்முக்கு யாராவது பணம் கொடுக்க விரும்பினால் அங்கே கொடுங்கள் என்றார்.

கடைசியாக, தமிழில் படிக்கிறவர்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஒருவர்: ஈரானில் பிறந்து கனடாவில் குடியேறிய பெஹ்தாத் எஸ்ஃபாபோத். ‘கொ’ என்று தட்டுங்கள். கணினி சேமிப்பது முதலில் க, பிறகு ஒகர உயிர்க்குறி. திரையிலோ கொம்பு இடப்பக்கம், கால் வலப்பக்கம், நடுவில் க. உயிர்க்குறியைப் பிளந்து, வரிசை மாற்றி, எழுத்துருவிலிருந்து சரியான வடிவத்தை எடுத்து வைக்கும் வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற நிரலகம். எழுத்துருக்களைக் கையாளும் ஃப்ரீடைப் திட்டத்திலிருந்த பழைய நிரலை எடுத்து, அதைத் திரும்பவும் புதிதாக எழுதி இன்றைய நிலைக்குக் கொண்டுவந்தவர் இவர். ஆண்ட்ராய்டு, குரோம், ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரேஆஃபிஸ் எல்லாம் அதைத்தான் நம்பியிருக்கின்றன. தமிழ் தெரியாத ஒருவர் தமிழ் எழுத்துக்கும், அதே நிரலில் அரபிக்கும் கெமருக்கும் வழி செய்திருக்கிறார். கூட்டத்தில் இதை எழுத்துப் பலகையில் வரைந்து காட்டினால் எல்லோருக்கும் புரியும்.

எங்கே படிப்பது என்று கேட்டீர்கள். வாழ்க்கை வரலாறுகளுக்கு முன் ஒன்று செய்யுங்கள். உங்களுக்குப் பிடித்த ஒரு திட்டத்தின் களஞ்சியத்தை கிட் குளோன் செய்து, அதற்குள் போய் ‘கிட் ஷார்ட்லாக்’ கட்டளையை ‘எஸ்’, ‘என்’ என்ற இரண்டு தெரிவுகளோடு ஓட்டுங்கள். யார் எத்தனை கமிட் செய்தார் என்று இறங்கு வரிசையில் வரும். முதல் பெயருக்கும் இரண்டாம் பெயருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். லினக்ஸ் கெர்னலாக இருந்தால் ‘மெயின்டெய்னர்ஸ்’ என்ற கோப்பைத் திறங்கள். ஒவ்வொரு சாதனத்துக்கும் யார் பொறுப்பு என்று பெயரோடு இருக்கும், சில இடத்தில் ‘ஆர்ஃபன்’ என்று போட்டிருக்கும். அதற்கு இப்போது பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று பொருள். அடுத்த பெயரை அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்.